வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு கம்பனி

விவசாயம் வளர்ந்துவரும் பகுதியில் ஒரு கம்பனியை நிறுவினால் என்ன நன்மை என்று உங்களிடமும் நேர்முகத் தேர்வில் கேட்டிருப்பார்கள். நீங்களும் வடிவாகப் பாடமாக்கி வந்து சொல்லியிருப்பீர்கள். மூலப்பொருள் கிட்டவே கிடைக்கும், ஏற்றி இறக்கும் செலவு குறையும், காணி மலிவு, வேலைக்கு ஆட்கள் உண்டு. எல்லாம் சரிதான். அப்படிச் சொன்னதால்தானே வேலை கிடைத்து இன்றைக்கு என் முன்னால் இருக்கிறீர்கள்.

நீர்வேலியில் வாழைக்குலை பொதியிடும் நிலையத்தைத் தொடங்கி, அங்கேயே முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். நீங்கள் பாடமாக்காத சிலவற்றை அங்கே கண்டேன். அவற்றைத்தான் சொல்லப்போகிறேன். எடை எப்படிப் பார்ப்பது, பெட்டி எப்படி அடுக்குவது என்பதையெல்லாம் நிலையத்தில் சொல்லித் தருவார்கள். அதற்கு நான் தேவையில்லை.

முதலில் ஒரு விஷயம். நான் குருநகர்க்காரி. அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனவர்கள். நான் வேலை பழகியதும் மீன் பதனிடும் ஒரு கம்பனியில்தான். மீனை விட்டு வாழைக்குலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரிப்பு. பெரியண்ணை மட்டும் சமாதானம் சொன்னார்.

"ரெண்டும் அழுகிற சாமான்தானே. மணத்திலை மட்டும்தான் வித்தியாசம்."

அவர் சொன்னது முழு உண்மை. அழுகும் பொருளோடு பழகியவர்களுக்கு ஓர் அவசரபுத்தி தானாக வந்துவிடும். அந்தப் புத்தி மட்டும்தான் என்னிடம் இருந்தது. கதலி வாழைக்கும் இதரை வாழைக்கும் வித்தியாசம் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

இடம் பார்க்கக் கொழும்பிலிருந்து என் மேலதிகாரி வந்தார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பெண். வயதில் என்னைவிட இளையவர், பதவியில் மேல். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கணக்குச் சரியாகிவிடும்.

இரண்டு இடங்கள் பார்த்து வைத்திருந்தேன். ஒன்று யாழ்ப்பாண நகரத்து ஓரத்தில் ஒரு பண்டகசாலை. புதுக் கூரை, அழுத்தமான சீமெந்துத் தரை, லொறி திரும்ப விசாலமான முற்றம், வாசலிலேயே பெருந்தெரு. மற்றது நீர்வேலியில், முன்பு சீமெந்துக்கல் அரிந்த ஒரு பழைய கட்டடம். நாலு பக்கமும் வாழைத்தோட்டம். கூரையில் ஓட்டை. அதற்குப் போகிற ஒழுங்கையோ, எதிரே ஒரு மாடு வந்தால் நாங்கள்தான் பின்னுக்குப் போகவேண்டும்.

பண்டகசாலையைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு நீர்வேலிக்குப் போனோம். மேடத்தின் வெள்ளைச் சப்பாத்து செம்மண்ணில் ஒரே நிறமாகிக் கொண்டிருந்தபோது, சைக்கிளில் போன ஒருவர் நிலத்தில் ஒரு காலை ஊன்றி நின்றார். மெலிந்த ஆள், தலையில் துவாய். பெயர் சிவபாதம் என்பதும், பக்கத்துத் தோட்டம் அவருடையது என்பதும் பிறகு தெரிந்தது.

"ஆரைப் பாக்கிறியள்?"

"ஆரையும் இல்லை அண்ணை. இடம் பாக்கிறம்."

"என்னத்துக்கு?"

"வாழைக்குலை வாங்கிப் பக் பண்ணிக் கொழும்புக்கு அனுப்ப."

சைக்கிளை வேலியில் சாத்தினார். எனக்கு அப்போதே விளங்கியது, இது கெதியாய் முடியப்போவதில்லை.

"கதலியோ, இதரையோ?"

"ரெண்டும்."

"மழைக்கை உந்த ஒழுங்கைக்குள்ளை லொறி எப்பிடி வரும்?"

"அதுதான் பாக்கிறம்."

"வேலைக்கு ஆரை எடுப்பியள்? வெளி ஆக்களையோ, எங்கடை ஆக்களையோ?"

அதற்குள் இரும்பு ஒட்டும் பட்டறைக்காரர் ஒருவர் கிறீஸ் கையோடு வந்தார். கூரை வேலை தனக்குத்தான் தரவேண்டும் என்றார். இரண்டு பெண்கள் வந்து, சம்பளம் மாதமா வாரமா என்று கேட்டார்கள். ஒழுங்கையை அகலப்படுத்த ஆர் வேலியைத் தள்ளி அடைப்பது என்பதில் சிவபாதம் அண்ணைக்கும் பட்டறைக்காரருக்கும் ஒரு சின்னச் சண்டையும் நடந்து முடிந்தது. நாங்கள் இன்னும் கட்டடத்துக்குள்ளேயே போகவில்லை.

திரும்பும்போது வாகனத்தில் மேடம் கேட்டார்.

"அக்கா, முதல் பார்த்த இடத்துல யாராவது நம்மகிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

"காவல்காரர் வாகன நம்பர் கேட்டவர்."

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்: "இங்க கம்பனி வர முந்தியே சண்டை பிடிக்கிறாங்க. அப்படின்னா வேணும்னு நினைக்கிறாங்க. கூரையைத் திருத்தலாம் அக்கா. வேணும்னு நினைக்கிற சனத்தை எங்க போய் வாங்குறது?"

இடத்தைத் தெரிவுசெய்ய அவர் வேறு காரணங்களும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருப்பார். என்னிடம் சொன்னது இதுதான். நீங்களும் நாளைக்கு ஓர் இடத்தைப் பார்க்கப் போவீர்கள். தரையையும் கூரையையும் பாருங்கள். அதோடு, கொஞ்சநேரம் சும்மா நின்றும் பாருங்கள். ஆர் வந்து என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒருவரும் ஒன்றும் கேட்காத ஊரில் உங்கள் கம்பனி ஒரு சுவர் மட்டும்தான்.

நிலையம் தொடங்கிக் கொஞ்ச நாளில் தண்ணீர்ப் பம்பி எரிந்துபோனது. வெட்டிய சீப்பில் பால் வடியும். உடனே கழுவாவிட்டால் தோல் கறுத்துவிடும். கறுத்த காயை எந்தக் கடையும் தொடாது. தரை முழுக்க வெட்டிய சீப்புகள், பின்னேரம் லொறி வரும், தொட்டியோ காய்ந்து கிடக்கிறது. நான் கொழும்புக்கு ஃபோன் எடுத்தேன். நாளைக்குப் புதுப் பம்பி அனுப்புகிறோம் என்றார்கள். நாளைக்கு எனக்கு எதற்கு?

பொதியிடும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் சுகந்தி. அதே ஒழுங்கையில் வீடு. கணவன், அரை ஏக்கர் வாழை, இரண்டு ஆடு. நான் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். எனக்குக் கோபம். கொஞ்சநேரத்தில் லான்ட்மாஸ்டர் உழவுயந்திரம் ஒன்று படபடவென்று முற்றத்துக்குள் வந்தது. மேலே இறைப்பு மெசின், குழாய், மண்ணெண்ணெய்க் கலன், அவற்றோடு சிவபாதம் அண்ணை.

"தோட்டத்திலை பாதித் தறைக்குத் தண்ணி பாய்ச்சி முடிச்சிட்டன். மிச்சத்துக்குப் பிறகு பாப்பம்" என்றார். குழாயைக் கிணற்றில் இறக்கினார். தொட்டி நிரம்பத் தொடங்கியது. அதோடு போயிருக்கலாம். போகவில்லை. நடந்து நடந்து ஒவ்வொரு சீப்பாகப் பார்த்தார்.

"என்ரை குலையை ஆர் இப்பிடி அடிபட வைச்சது? பிள்ளை மாதிரித் தூக்கித் தந்தனான்!"

தொட்டி நிரம்பும்வரை ஏச்சு. நிரம்பிய பிறகும் ஏச்சு. லொறி நேரத்துக்குப் போனது.

மூலப்பொருள் கிட்ட இருக்கும் என்று பாடமாக்கினீர்களே, மூலப்பொருளோடு சேர்த்து அதை விளைவிக்கிறவர்களின் மெசின், உழவுயந்திரம், கிணறு, வாய் எல்லாம் கிட்டவே இருக்கும். ஒன்றை மட்டும் தெரிந்தெடுக்க முடியாது.

இனிப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் மாரி மழை வழமைபோலத்தான் தொடங்கியது. ஒருநாள் காலை பெரியண்ணை குருநகரிலிருந்து ஃபோன் எடுத்தார்.

"தங்கச்சி, போட்டெல்லாம் கரையிலை ஏத்திக் கட்டியாச்சு. ஒருத்தரும் இறங்கேல்லை. நாளைக்குக் காத்து அடிக்கும். உங்கை வாழை எண்டால் நிக்காது. சொல்லிப்போட்டன்."

வானொலியும் அதையே சொன்னது. நான் நிலையத்துக்குப் போய்ச் சேர முன்பே ஒழுங்கை முழுக்க லான்ட்மாஸ்டர். வாழையை வைத்திருக்கிறவருக்குக் காற்று என்ற சொல்லே போதும். வேர் ஆழமில்லை, உச்சியில் குலைப் பாரம், பாய்போல இலை. ஒரு நல்ல காற்று தோட்டம் முழுவதையும் ஒரே பக்கமாகப் படுக்க வைத்துவிடும். அதனால் முற்றிய குலைகளை எல்லோரும் வெட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்களுக்கும் அது நல்லதுதான். கொழும்பு சுப்பர்மார்க்கெட்டுகளுக்கு வழமையைவிடப் பெரிய ஓடர் ஒன்று அன்று பின்னேர லொறியில் போகவேண்டியிருந்தது. காய் வந்து குவிகிறது, ஓடர் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். இதைவிட நல்ல வியாபார நாள் உண்டா?

அப்போதுதான் சிவபாதம் அண்ணை வந்தார். தோளில் ஒரே ஒரு குலை. விரல் பருமன்கூட இல்லாத பிஞ்சுக் காய். அவருடைய தோட்டம் பிந்தி வைத்த தோட்டம், எல்லாம் அந்தப் பருவத்தில்தான் நின்றது.

"இந்தப் பருவம்தான் முழுத் தறையும். வெட்டட்டோ? எடுப்பியளோ?"

"அண்ணை, இது பழுக்காது. கறிக்கும் உதவாது. இதை எடுத்து நான் என்ன செய்யிறது?"

"நாளைக்கு மரமே நிக்காது. நீங்கள் எடுக்காட்டி ஆர் எடுக்கிறது?"

"எடுக்கேலாது, அண்ணை."

குலையைத் தரையில் வைத்தார். போடவில்லை, வைத்தார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உங்கடை தொட்டி காஞ்சு கிடக்கேக்கை என்ரை மெசின் வந்தது. அண்டைக்கு நான் பருவம் பாக்கேல்லை."

அவருக்குப் பின்னால் நின்றவர்களில் பலருக்கும் பிந்திய தோட்டம் இருந்தது. நான் நன்றிக்கடனுக்காகத் தலையாட்டினால் அவ்வளவு பேரும் ஓடிப்போய்ப் பிஞ்சை வெட்டுவார்கள். நாளைக்கு அது என் முற்றத்தில் குப்பையாகக் கிடக்கும். காற்று ஒருவேளை திசைமாறிப் போனால், நல்ல தோட்டங்களை நானே வெட்டச் சொன்னதாக ஆகிவிடும். மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாலோ, நாளை மறுநாள் இதே ஒழுங்கையால், இதே முகங்களுக்கு முன்னால், நான் வேலைக்கு வரவேண்டும். நகரத்துப் பண்டகசாலையில் இருந்திருந்தால் ஃபோனில் 'முடியாது' என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்திருக்கலாம். கிட்ட இருப்பதன் விலை இது. பயிற்சியில் இதைச் சொல்லமாட்டார்கள்.

உள்ளே திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் வேலை செய்யவில்லை. பெண்கள் எல்லோரும் கையில் சீப்போடு யன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சுகந்தி, உங்கடை தோட்டம்?"

"எங்கடை இவர் தனிய நிண்டு மரங்களுக்குத் தடியாலை முண்டு குடுக்கிறார், மிஸ். என்னால ஒண்டும் செய்யேலாது தானே. லொறி வரப்போகுது."

அந்தச் சொல்லில்தான் எனக்கு விளங்கியது. என்னுடைய தொழிலாளி, என்னுடைய வழங்குநர், என்னுடைய அயலவர் என்று நான் மூன்று விதமான ஆட்களைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன். அங்கே இருந்தவர்கள் ஒரே ஆட்கள்தான். கொழும்புக்கு ஃபோன் எடுத்தேன்.

"மேடம், இண்டைக்கு லொறி அரைவாசியோடைதான் வரும். பக்கிங்கை நிப்பாட்டப் போறன்."

மறுபக்கத்தில் அவர் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, ஓடர் யாருக்குன்னு தெரியும்தானே? பிந்தினா அடுத்த தடவை நம்மகிட்ட வரமாட்டாங்க."

"தெரியும் மேடம். இண்டைக்கு அரை லொறி குறையும். தோட்டம் விழுந்தால் வாற வருசம் முழுக்க லொறி வெறுமையாத்தான் வரும். ஆக்களை விடப்போறன், மரங்களைக் கட்டட்டும்."

"நீங்க முடிவு எடுத்திட்டுத்தான் கேக்கிறீங்க, என்ன?"

"ஓம்."

"சரி. வாங்குறவங்ககிட்ட நான் கதைக்கிறேன். ஏச்சு எனக்கு. நீங்க போங்க."

இப்படி ஒரு மேலதிகாரி உங்களுக்குக் கிடைத்தால் கோயிலோ தேவாலயமோ, உங்களுக்குப் பிடித்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தியோ கற்பூரமோ கொளுத்துங்கள்.

களஞ்சியத்தில் பெட்டி கட்டும் நைலோன் கயிறு உருளை உருளையாக இருந்தது. எல்லாவற்றையும் முற்றத்துக்கு எடுப்பித்தேன்.

"அண்ணை, வெட்டாதையுங்கோ. கட்டுவம்."

சிவபாதம் அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார்.

"கட்டினால் மட்டும் காணாது. இலையைக் கழிக்கவேணும். குலை கொஞ்சம் சிறுக்கும், ஆனால் காத்துப் பிடிக்காது."

"அப்ப ஏன் நிண்டு கதைக்கிறியள்?"

அன்று பொதியிடும் நிலையம் முழுக்க ஒழுங்கைகளுக்குள் இறங்கியது. சுகந்தி ஆட்களைப் பிரித்து, ஒரு கூட்டத்தைத் தன் வீட்டுப் பக்கம், ஒரு கூட்டத்தை வடக்குப் பக்கம் என்று அனுப்பினார். எல்லோருக்கும் தங்கள் தங்கள் தோட்டம் தெரியும், பக்கத்துத் தோட்டமும் தெரியும், எவர் வீட்டில் ஆண்துணை இல்லை என்பதும் தெரியும். நான் ஒழுங்குபடுத்த ஒன்றுமே இருக்கவில்லை. லொறிச் சாரதிகூடச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் சிவபாதம் அண்ணையின் தோட்டத்துக்குப் போனேன். மனச்சாட்சி அந்தப் பக்கம்தான் இழுத்தது. மரத்தை மரத்தோடு கட்டி, வரிசைக் கடைசியில் முளை அறைந்து இழுத்துக் கட்டவேண்டும். வாழையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் முடிச்சுப் போடத் தெரியும். சின்ன வயதில் வள்ளம் கட்டிய கை.

"உது என்ன முடிச்சு?" என்று கேட்டார்.

"வள்ளம் கட்டிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்."

குனிந்து இழுத்துப் பார்த்தார். அடுத்த மரத்துக்குத் தானும் அதேபோல் போட்டார். தலைகீழாகப் போட்டார். நான் அவருக்குத் தெரியாமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். கழித்த இலைகளை எறிய மனமில்லாமல் பெண்கள் தூக்கிக் கொண்டுபோய் எங்கள் கட்டடத்துக்குள் அடுக்கினார்கள். மழை இறங்கும்வரை வேலை நடந்தது. அரை லொறி கொழும்புக்குப் போனது.

காற்று அடித்தது. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால், திருத்திய கூரையில் பாதி பக்கத்துத் தோட்டத்துக்குள் கிடந்தது. கட்டிய தோட்டங்களில் அநேகமானவை நின்றன. சுகந்தியின் வாழை ஒன்றிரண்டைத் தவிர அசையவில்லை. நான் நிம்மதியாக மூச்சுவிட்டு, அடுத்த வேலியைத் தாண்டிப் பார்த்தேன்.

சிவபாதம் அண்ணையின் தோட்டத்தில் பாதி படுத்துக் கிடந்தது. காற்று வெட்டவெளிப் பக்கத்தால் நேரே வந்து அடித்திருக்கிறது. என் முடிச்சு ஒன்றும் அவிழவில்லை. முடிச்சோடு சேர்த்து மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தன. அவர் விழுந்த ஒரு மரத்தின் மேல் குந்தியிருந்தார்.

"அண்ணை..."

"கட்டாட்டி முழுக்கப் போயிருக்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை, தெம்பும் இல்லை. "பாதி நிக்குது. அது போதும் எண்டு சொல்ல மனம் வருகுதில்லை, பிள்ளை."

நானும் பக்கத்தில் விழுந்து கிடந்த மரத்தில் குந்தினேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. பழுதாகிற சாமானைக் கண்டால் என்ன செய்யலாம் என்று பார்க்கத்தான் வரும். சுற்றிப் பார்த்தேன். விழுந்த மரங்களில் வாழைப்பூப் பொத்தி சிவப்பாகத் தொங்கியது. தண்டு முழுசாக இருந்தது. எங்கள் கட்டடத்துக்குள், கூரை போகாத பக்கத்தில், அடுக்கிய இலைகள் கிழியாமல் இருந்தன. ஃபோனில் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து உடனே அழைப்பு வந்தது.

"அக்கா, மலைநாட்டு ரோட்டெல்லாம் வெள்ளம். இங்க மார்க்கெட்டுல மரக்கறியே இல்ல. பொத்தி, தண்டு, இலை, எல்லாம் அனுப்புங்க. எவ்வளவு இருக்கு?"

எவ்வளவு இருக்கு என்று கேட்டால்? நீர்வேலியில் விழுந்தது எல்லாம் இருக்கிறது. நான் ஃபோனை மூடியபோது சிவபாதம் அண்ணை கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"தண்டை எந்த நீளத்துக்கு வெட்டுறது?"

அன்றைக்கு ஓட்டைக் கூரைக்குக் கீழே தொடங்கியதுதான் பொத்தி, தண்டு, இலை வியாபாரம். இப்போது நீங்கள் போகும்போது அதற்கென்றே தனி மேசை இருக்கும், குளிர் அறை இருக்கும். அந்த வருமானம் விழுந்த தோட்டத்தை ஈடுசெய்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு தோட்டக்காரரின் ஒரு வருட உழைப்பை இலை விற்று ஈடுகட்ட முடியாது. ஆனால் அடுத்த வாரமே நின்ற தோட்டங்களிலிருந்து எங்களுக்குக் குலை வரத் தொடங்கியது. மற்றவர்கள் காய் இல்லாமல் திண்டாடிய மாதங்களில் எங்கள் லொறி நிறைந்து போனது. ஏச்சு வாங்கிய மேடம் பிறகு பாராட்டும் வாங்கினார். எனக்கும் கொஞ்சம் பங்கு தந்தார்.

மழை முடிந்து நிலம் காய்ந்த பிறகு ஒரு காலை சிவபாதம் அண்ணை நிலையத்துக்கு வந்தார். குலையும் இல்லை, இலையும் இல்லை, வெறுங்கை. சுகந்தி ஒரு கதிரை எடுத்துப் போட்டார்.

"விழுந்த பக்கத்தைக் கொத்திப்போட்டன். இந்தமுறை என்ன வைக்கட்டும்?"

"என்னட்டைக் கேக்கிறியள்? வாழை வைக்கிறது உங்கடை வேலையெல்லே, அண்ணை."

"வைக்கிறது எங்களுக்குத் தெரியும். வாங்கிற ஆக்களைத்தான் தெரியாது. அதைச் சொல்லுங்கோ."

நான் பல ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு கமக்காரர் கன்று நடமுன் வந்து, எங்கள் கம்பனிக்கு முன்னால் கதிரையில் இருந்து, என்ன வைக்கட்டும் என்று கேட்ட அந்தக் கேள்விக்கு நிகரான ஒன்றை எந்த ஒப்பந்தத்திலும் கண்டதில்லை. மேடத்தை ஃபோனில் பிடித்து, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தேன். மேடம் கொழும்பில் எது ஓடும் என்று சொல்லத் தொடங்கினார். அண்ணை அவரை முடிக்க விடவில்லை. கறிக்கு மொந்தன் வாங்குவார்களா, பெருநாளுக்கு எது கேட்பார்கள், மழைக்காலத்தில் எந்த மாதம் விலை விழும், ஏன் விழும் என்று கேள்விக்குமேல் கேள்வி. மேடம் ஒருகட்டத்தில் "ஒரு நிமிஷம் ஐயா, கேட்டுச் சொல்றேன்" என்று எழும்பிப் போய்விட்டார்.

கடைசியில் பாதி கதலி, பாதி மொந்தன் என்று முடிவானது. வெட்டவெளிப் பக்கத்தில் இரண்டு வரிசை முருங்கை வைப்பது காற்றுக்கு நல்லது என்று அவரே சேர்த்துக்கொண்டார். துவாயை உதறித் தலையில் கட்டினார்.

"அப்ப நான் வாழைக்குட்டி தேடப் போறன்" என்று சைக்கிளில் ஏறினார். கொஞ்சத்தூரம் போனவர், நின்று திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"முருங்கைக்காயும் எடுப்பியள்தானே?"